பவியின் அறையில் படுத்திருப்பது யார்

1

நான் ஊரைவிட்டு மெல்பர்ன் வந்து இருபத்திரண்டு ஆண்டு நிறைந்த நாளில் என் மகள் பவித்ரா எனக்கு ஒரு படம் அனுப்பினாள். வாழ்த்தாக இருக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். திருவண்ணாமலையில், வேங்கிக்காலில் இருக்கும் என் அண்ணன் வீட்டு மொட்டைமாடி. மடியில் லேப்டாப், கையில் தட்டு, தட்டில் நாலு இட்லி, வேர்க்கடலைச் சட்னி. பின்னால் மலை. கீழே ஒரு வரி: "கிளாஸ் நடக்குதும்மா. கேமரா ஆஃப்."

நீங்களே சொல்லுங்கள், எனக்கு எப்படி இருக்கும்? அந்த ஊரைவிட்டு வருவதற்கு நான் எத்தனை ஆபீஸ் படி ஏறினேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளிச் சான்றிதழில் இன்னொரு தேதி. "இதுல எது நீ?" என்று கேட்ட குமாஸ்தாவுக்கு பதில் சொல்லவே ஒரு மாதம் ஆனது. எல்லாம் எதற்கு? பிறக்கப்போகும் பிள்ளை வெளிநாட்டில் படிக்கட்டும் என்றுதான். பிள்ளையும் வெளிநாட்டுப் படிப்புதான் படிக்கிறாள், குறை சொல்ல முடியாது. ஆனால் படிப்பது வேங்கிக்காலில் இருந்து. வெளிநாட்டில் இருப்பது நான்.

அன்று மதியம் எனக்கு பிரெட்டும் வெண்ணெயும். அண்ணிக்கு போன் போட்டு, "உங்க இட்லி எனக்கு இங்க வரைக்கும் வாசனை அடிக்குது அண்ணி" என்றேன். "நீயும்தான் வாயேன், யாரு உன்ன வேணாம்னாங்க?" என்றார் செல்வி அண்ணி. சொல்வது சுலபம்.

2

இது எப்படி நடந்தது என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். பெண்ணை நான் அடித்துத் துரத்திவிட்ட மாதிரிகூட சிலர் விசாரிக்கிறார்கள். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

பவியின் பல்கலைக்கழகம் நகரத்தின் கிழக்குக் கோடியில். எங்கள் வீடு மேற்குக் கோடியில். ஒரு ரயில், நடுவில் மாறி இன்னொரு ரயில், அப்புறம் ஒரு பஸ். முதல் வருடம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே நாலு பெண்களோடு சேர்ந்து ஒரு வீட்டில் அறை எடுத்தாள். வெள்ளிக்கிழமை அழுக்குத் துணி மூட்டையோடு வருவாள். ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியும் சாம்பார் டப்பாவுமாகப் போவாள். வாரத்தில் இரண்டு நாள் என் மகள், ஐந்து நாள் பல்கலைக்கழகத்தின் மகள். அது எனக்குச் சரியாகவே இருந்தது.

பிறகு வகுப்புகள் ஒவ்வொன்றாக ஆன்லைனுக்குப் போயின. முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு. கடைசியில் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் நேரில் போனால் போதும் என்று ஆனது. ஒரு நாளுக்காக எதற்கு அறை என்று பவி காலிசெய்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் அறையை அடுத்த வாரமே சமையல் படிக்கும் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டான்.

எனக்கோ கொண்டாட்டம். ஆனால் அவள் அப்பாவும் அப்போது வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தார். இவர் ஒரு அறையில் மீட்டிங், அவள் ஒரு அறையில் வகுப்பு, நான் நடுவில் தாளிக்கக்கூட பயந்துகொண்டு நிற்பேன். கடுகு வெடித்தால் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். "அம்மா, ப்ளீஸ்!" "ஏம்மா, கொஞ்சம்!" என் சொந்தச் சமையலறையில் நான் திருடி மாதிரி நடந்தேன்.

இந்த நேரத்தில்தான் ஆனி மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மெல்பர்னில் அது குளிர்காலம், பவிக்கு விடுமுறை. எனக்கு லீவு கிடைக்கவில்லை, அவள் மட்டும் கல்யாணத்துக்கு என்று மூன்று வாரத்துக்குப் போனாள். கல்யாணம் முடிந்து பெண் ஓசூருக்குப் போய்விட்டது. மாடி அறை காலி. அண்ணனுக்கும் அண்ணிக்கும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அடுத்த செமஸ்டரில் நாலு பாடமும் ஆன்லைன் என்று பல்கலைக்கழகம் சொன்னது அந்த வாரம்தான். இதைத் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் இன்றுவரை சந்தேகப்படுகிறேன். "அம்மா, இங்கயே இருந்துக்கினு படிக்கிறேன்" என்று போன் வந்தது. அந்த 'இருந்துக்கினு'வைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது, இவள் இப்போதைக்கு வரமாட்டாள்.

அவள் போனை வைத்ததுகூட இல்லை, அதற்குள் அவள் அப்பா தன் மேசையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் அறையில் போட்டுக்கொண்டார். "சும்மாதான இருக்குது" என்றார்.

பல்கலைக்கழகத்துக்கு அவள் தங்கும் முகவரி வேண்டுமாம். பவி பாவம், அண்ணன் சொன்னதை அப்படியே அடித்திருக்கிறாள்: புது நம்பர், பழைய நம்பர், கலெக்டர் ஆபீஸ் பின்பக்கம், தண்ணீர் டேங்க் எதிரில். அந்த இணையதளம் பாதியிலேயே இடமில்லை என்று நிறுத்திவிட்டது. இரண்டு நாள் கழித்து பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பையன் என்னைக் கூப்பிட்டு, மிக மரியாதையாக, "மேடம், தண்ணீர்த் தொட்டி என்பது உங்கள் மகளின் வீட்டின் பெயரா?" என்று கேட்டான். இல்லையப்பா, அது இல்லாமல் அந்த வீட்டுக்குத் தபாலே வராது என்று விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

3

நான் படித்த கதை வேறு. எங்கள் பூர்வீக வீடு கீழ்பென்னாத்தூரில். கல்லூரி திருவண்ணாமலையில். ஹாஸ்டல் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். "ஏன், ஊட்ல இடமில்லியா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. மூன்று வருடம் பஸ். காலையில் வேர்க்கடலை மூட்டையோடு மூட்டையாக ஏறி நிற்பேன். பௌர்ணமி என்றால் பஸ் ஊருக்குள்ளேயே போகாது, வெளியிலேயே இறக்கிவிட்டுவிடுவார்கள். கூட்டமெல்லாம் மலையைச் சுற்றப் போகும், நான் ஒருத்தி மட்டும் நோட்டைக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவேன். புடவையை எவராவது மிதிக்காத பௌர்ணமியே கிடையாது. அதனால் ஊரைவிட்டுக் கிளம்பினபோது இந்த பஸ்ஸை விட்டது போதும் என்றுதான் இருந்தது. ஏக்கமெல்லாம் கிடையாது, பொய் சொல்ல மாட்டேன்.

பவி படிப்பது நகரத் திட்டமிடல். இந்த செமஸ்டர் அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு என்ன தெரியுமா? ஆன்லைன் வகுப்பு வந்தபின் மாணவர்கள் எங்கே தங்குகிறார்கள், எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போய்வருகிறார்கள் என்பதுதான். "ஏண்டி, உன்னையே ஒரு படம் எடுத்து ஒட்டிட்டு வேலைய முடிக்க வேண்டியதுதான?" என்றேன். "அப்படில்லாம் பண்ணக்கூடாதும்மா, நானு ஆராய்ச்சி பண்றவ" என்றாள் கண்டிப்பாக.

வீட்டில் பதினெட்டு வருடம் நான் தமிழ் பேசு, தமிழ் பேசு என்று தொண்டை கிழியக் கத்தியும் 'யெஸ் அம்மா'வைத் தாண்டாத பெண், இப்போது நாலே மாதத்தில் "சட்னில உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி" என்று அண்ணியிடம் சண்டை போடுகிறாள். பெருமையாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. நான் கற்றுக்கொடுக்க முடியாததை செல்வி அண்ணி சட்னியில் கரைத்துக் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "இந்த செமஸ்டர் நல்லா போச்சுன்னா, நவம்பர்ல ஆரம்பிக்கிற கோடைக்காலப் பாடத்தையும் இங்கேந்தே பண்ணிடலாம்னு பாக்கறேன். அடுத்த வருஷமும் பாதி ஆன்லைன்தான்." சரி சரி என்றேன். போனை வைத்ததும் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அவள் அப்பா மீட்டிங்கில் இருந்தார், அதனால் சத்தமில்லாமல்தான்.

4

செமஸ்டர் கடைசியில் ஆய்வைப் பற்றி ஆசிரியர்கள் முன்னால் பேசவேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். ஆன்லைனில்தான். ஆனால் அதற்கு ஒரு விதி. அந்த நேரத்துக்கு வராவிட்டால், அந்தப் பாடத்தை அடுத்த செமஸ்டரில் நேரில் வந்து திரும்பப் படிக்கவேண்டும். மெல்பர்னில், ரயிலேறி வந்து.

இதை பவி வீடியோவில் என்னிடம் சொன்னபோது "அடப்பாவமே" என்றேன். மனசுக்குள் அந்த விதியை எழுதிய புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மூன்று நாள் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வேறு பிள்ளைகள் என்றால் என்ன செய்வார்கள்? எது வசதியோ அதை எடுப்பார்கள். இவள் போய் மாமாவிடம் கேட்டாள். என் அண்ணன் குமரன் தாலுகா ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். கலெக்டர் ஆபீசே பக்கத்தில் இருந்தாலும், எல்லா உத்தரவையும் கூடத்தில் தொங்கும் தினசரி காலண்டரிடம்தான் வாங்குவார். வீடியோவில் நானும் இருந்தேன்.

"வியாழக்கிழமை நவமி. அது வேணாம்" என்றார் அண்ணன். "வெள்ளிக்கிழமை இன்னா டைமு? பதினோரு மணியா? சுத்தமான ராகு காலம். அடுத்தது?"

"அடுத்த புதன் மாமா. பத்து மணி."

அண்ணன் தாளைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "புதன்கிழமை ஐப்பசி பௌர்ணமிம்மா! அன்னாபிஷேகம். ராகு காலம் பன்னெண்டுக்கு மேலதான். நெறஞ்ச நாளு. போட்டுடு!"

அண்ணி மட்டும் அடுப்படியிலிருந்து, "அன்னிக்கு கூட்டம் ஜாஸ்தியா இருக்குமே" என்றார்.

"கூட்டம் ரோட்லதான இருக்குது? இவ ஊட்ல உக்காந்துக்கினு பேசப்போறா. இன்னா, கூட்டம் கம்ப்யூட்டர் உள்ள பூந்துடுமா?"

நானும் நல்ல நாள்தான் என்று தலையாட்டினேன். மூன்று வருடம் பௌர்ணமியில் புடவை மிதிபட்டவள், ஞானசூனியம் மாதிரித் தலையாட்டினேன். பரீட்சைக்கு நாள் பார்க்கும் பழக்கம் மட்டும் கடல் தாண்டி என்னோடு வந்திருக்கிறது, பௌர்ணமியன்று ஊர் எப்படி இருக்கும் என்ற நினைப்பு வழியில் எங்கோ விழுந்துவிட்டது. அண்ணன் அதோடு நிற்காமல், அன்று மின்தடை உண்டா என்று மின்வாரியத்துக்கு வேறு போன் போட்டு விசாரித்துவைத்தார். கரண்ட் போகாது என்றார்கள். எல்லாம் கச்சிதம்.

5

செவ்வாய்க்கிழமை சாயந்திரமே அண்ணியின் பிறந்த வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். பௌர்ணமிக்கு திருவண்ணாமலையில் சொந்தக்காரர் வீடு இருக்கும்போது யாராவது லாட்ஜுக்குப் போவார்களா? ராத்திரி முழுக்க மலையைச் சுற்றிவிட்டு, விடிந்து வந்து, கால்வலியோடு எந்தக் கட்டில் கண்ணில் பட்டதோ அதில் விழுந்தார்கள். பவியின் அறையில் அண்ணியின் சித்தப்பா. தட்டினாலும் எழவில்லை, உலுக்கினாலும் எழவில்லை. "பதினாலு கிலோமீட்டர் நடந்தவரும்மா, உடு" என்றார் அண்ணி.

அது போனால் போகட்டும், கூடத்தில் உட்காரலாம் என்றால் இணையம் இல்லை. தெருமுனையில் அன்னதானப் பந்தல் போட்டவர்கள் கம்பு நடும்போது கேபிளை இழுத்துவிட்டார்கள். கேபிள்காரர் வரமுடியாது, அவர் வண்டியும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. செல்போனிலாவது பார்க்கலாம் என்றால், ஊருக்கு வந்த அத்தனை பேரும் மலையை வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது, ஒன்றும் நகரவில்லை.

நான் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு மெல்பர்னில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு அப்போது பிற்பகல். என்ன வேண்டிக்கொண்டேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் நன்றாகச் செய்யவேண்டும் என்று ஒரு வாய் சொன்னது, அவள் திரும்பி வரவேண்டும் என்று இன்னொரு வாய். அண்ணாமலையாருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

போன் வந்தது. சாதாரண அழைப்பு, காற்றும் ஹாரனுமாக.

"அம்மா! இங்க நெட்டே இல்ல. மாமா பைக்ல கீழ்பென்னாத்தூர் போய்க்கினு இருக்கோம். நம்ம பழைய வீட்ல உரக்கடை வெச்சிருக்காரே ஏழுமலை அண்ணன், அவரு கடைல நெட் இருக்குதாம். ஆனா பத்து மணிக்குள்ள போக முடியாது. மேடமுக்கு மெயில் போடும்மா. அரைமணி நேரம் டைம் கேளு. எனக்கு இங்கேந்து மெயில் போவல. போடுவல்ல?"

"போடறேன்" என்றேன். கட்டாகிவிட்டது.

ஆசிரியையின் முகவரி என்னிடம் இருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆனால் யோசித்தது தமிழில். படித்தால் இப்படித்தான் இருக்கும்: "மதிப்பிற்குரிய மேடம், இன்று முழு நிலவு. ஆகவே எங்கள் ஊரில் லட்சக்கணக்கான மக்கள் ஒரு மலையைச் சுற்றி நடக்கிறார்கள். ஆகவே என் மகளுக்கு இணையம் இல்லை. ஆகவே அவள் தன் மாமாவின் பைக்கில் ஒரு உரக்கடையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். அரைமணி நேரம் கொடுத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்."

எழுதி முடித்தேன். அனுப்பவேண்டியதுதான். விரல் நின்றுவிட்டது.

அனுப்பாவிட்டால் என்ன ஆகும்? பவி நேரத்துக்கு வரவில்லை என்று ஆகும். அடுத்த செமஸ்டர் நேரில். அவள் அப்பா மேசையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வரவேண்டும். வெள்ளிக்கிழமை அழுக்குத் துணி மூட்டை. கடுகு வெடித்தால் "அம்மா, ப்ளீஸ்!". எனக்கு அத்தனையும் வேண்டும் போல இருந்தது. பவி அறைக் கதவைப் பார்த்தேன். உள்ளே இவர் யாரிடமோ பட்ஜெட் பேசிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் குரல் காதில் கேட்டது: ஊட்ல இடமில்லியா? அன்று எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் பதில். "உங்கள் கடிதம் முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் காத்திருக்கிறோம். அவள் ஹெல்மெட் போட்டிருக்கிறாளா?"

6

அங்கே நடந்ததை அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எங்கள் பழைய வீட்டு முன்னறையில் யூரியா மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் பவி. யூரியா வாங்க வந்த விவசாயிகள் ஏழெட்டுப் பேர். ஏழுமலை வாசலில் நின்று, "பாப்பா ஆஸ்திரேலியாவுக்குப் பரீட்சை சொல்லுது, யாரும் சத்தம் போடாதீங்க. வண்டிய ஆஃப் பண்ணுங்க" என்று அதட்டியிருக்கிறார். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி, கடைசிவரை நின்றே கேட்டாராம். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. முடிந்ததும் "நல்லா சொல்லிச்சு" என்று சான்றிதழும் கொடுத்தாராம்.

கடைசியில் அந்த ஆசிரியை சிரித்துக்கொண்டே கேட்டாராம்: "நீ ஆராய்ந்த மாணவர்கள் எல்லோரும் இரண்டு வீட்டுக்கு நடுவில் போய்வருகிறார்கள். உனக்கு எத்தனை வீடு?"

"மூணு வீட்ல எனக்கு ரூம் இருந்துச்சு மேடம்" என்றாளாம் பவி. "ஒண்ணுல சமையல் படிக்கிற பையன் இருக்கான். ஒண்ணுல அப்பா மீட்டிங் போட்டுக்கிட்டிருக்கார். ஒண்ணுல எங்க அத்தையோட சித்தப்பா தூங்கறார். இது எங்க அம்மா படிச்ச ரூமாம். இதுல யூரியா இருக்கு."

பாஸ். நல்ல மதிப்பெண்ணோடு.

வீட்டுக்குப் போய், சித்தப்பா எழுந்து காபி குடித்தபின், கேபிளும் வந்தபின், அவள் என்னை வீடியோவில் கூப்பிட்டாள். முகமெல்லாம் புழுதி.

"அம்மா, நீ மெயில் போடமாட்டன்னு நெனச்சேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏண்டி அப்படிச் சொல்ற?"

"போடலன்னா நான் அங்க வந்துடுவேன்ல. அந்த ரூலைச் சொன்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். பைக்ல போறப்ப மாமாகிட்ட சொல்லிக்கினே போனேன், அம்மா போடாது, நான் பெயிலுன்னு."

"உங்க மாமா இன்னா சொன்னாரு?"

"'எங்க தங்கச்சி போடும். அழுதுக்கினே போடும்'னாரு."

நான் போனைச் சற்று விலக்கி வைத்துக்கொண்டேன். மகளுக்குத் தெரிந்திருக்கிறது, அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் நான் மறைத்து வைத்திருப்பதாக நினைப்பு.

"கோடைப் பாடம் அங்கேயே இருந்து படிச்சிக்கோ" என்றேன். "எனக்கு நீ இல்லாம ரொம்பக் கஷ்டமாதான் இருக்குது. இருந்தாலும் படி."

"தெரியும்மா" என்றாள்.

அன்றைக்கே அவள் அப்பாவின் மீட்டிங் நடுவில் கதவைத் திறந்து, அடுத்த பௌர்ணமிக்கு ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னேன். கார்த்திகை தீபம். ஆறு வருடம் ஆகிறது நான் தீபம் பார்த்து. அவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார், அவர் ஆபீஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. கேட்கட்டும்.

அண்ணனுக்குச் சொன்னேன். சந்தோஷப்பட்டார், ஆனால் கூடவே தலையைச் சொறிந்தார். "தீபத்துக்குன்னா எல்லாரும் வருவாங்களேம்மா. ஊடே ரொம்பிடும். நீ பவி ரூம்லதான் படுக்கணும்."

பின்னாலிருந்து பவியின் குரல் கேட்டது:

"படுத்துக்கோ. ஆனா காலைல அஞ்சரைக்கு எனக்கு கிளாஸ் இருக்கும்மா. சத்தம் போடாம இருக்கணும், சரியா?"